மேற்கே இறங்கிய சறுக்கு மரம்

எந்தப் பூங்காவுக்குள் நுழைந்தாலும் இன்றைக்கும் நான் முதலில் பார்ப்பது சறுக்கு மரம் எந்தத் திசையில் இறங்குகிறது என்பதைத்தான். கூட வருபவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மேற்கே இறங்கும் தகட்டைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதை இப்படி வைத்தது யார் என்று காவலாளியிடம் கேட்டும் இருக்கிறேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்?

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மந்தைவெளியில் குடியிருந்தோம். எங்கள் தெருவில் தனி வீடுகளை ஒவ்வொன்றாக இடித்து அடுக்குமாடி எழுப்பிக்கொண்டிருந்த காலம். குழந்தைகள் ஓடுவதற்கு மிஞ்சியது வண்டி நிறுத்தும் இடம் மட்டும்தான். அங்கேயும் ‘பந்து போடாதே, கார் கண்ணாடியில படும்’ என்று மாடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால் தெருமுனையில் பாம்பும் குப்பையுமாகக் கிடந்த காலி இடத்தைச் சுத்தம் செய்து, சுற்றுச்சுவர் கட்டி, பூங்கா என்று பலகை மாட்டியபோது என்னைப் போல் சந்தோஷப்பட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். என் மகளுக்கு அப்போது நாலு வயது.

இரண்டு ஊஞ்சல், ஒரு சீசா, தள்ளிவிட்டால் சுற்றும் இரும்பு ராட்டினம், ஒரு சறுக்கு மரம். இவ்வளவுதான். ஊஞ்சல் என் மகளுக்குப் பயம். ராட்டினம் தலை சுற்றும். சீசாவில் அவள் ஒல்லி உடம்புக்கு எதிரே யார் உட்கார்ந்தாலும் அவள் மேலேயே நிற்பாள். சறுக்கு மரம்தான் அவளுடையது. ஏணியில் விறுவிறுவென்று ஏறி, உச்சியில் இரண்டு கம்பியையும் பிடித்துக்கொண்டு நின்று, ‘எல்லாரும் தள்ளிக்கோங்க, நான் வரேன்!’ என்று கத்துவாள். கீழே யாருமே இல்லாவிட்டாலும் கத்துவாள். வீட்டில் வாயைத் திறக்காத பெண். பாலர் பள்ளியில், பேசவே மாட்டேன் என்கிறாளே என்று கவலைப்பட்டுக் கேட்டிருந்தார்கள். அந்தச் சறுக்கு மரத்தின் உச்சியில் மட்டும் அவளுக்கு அப்படி ஒரு குரல் வந்தது. அதைக் கேட்பதற்காகவே பள்ளி விட்டதும் ஓட்டமும் நடையுமாக வீடு திரும்புவேன்.

நான் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வைத்தபோது சறுக்கு மரத்தின் ஏணி மேற்குப் பக்கம் இருந்தது, தகடு கிழக்கே இறங்கியது. வைத்த புண்ணியவான் தெரிந்து வைத்தானோ தெரியாமல் வைத்தானோ, சாயங்கால வெயில் ஏணியின் முதுகில்தான் விழும். நாலு மணிக்குக் கதவைத் திறக்கும்போது தகடு ஆறிக் கிடக்கும்.

பிறகு பிள்ளையார் வந்தார். காலையில் நடக்க வருபவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். கிழக்குச் சுவர் ஓரத்து அரசமரத்தடியில் சின்னதாக ஒரு மேடை கட்டி, மேற்கே பார்த்தபடி பிள்ளையாரை வைத்தார்கள். எனக்குப் பிள்ளையார்மேல் எந்த வருத்தமும் கிடையாது. அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். எதிரே குழந்தைகள் சிரித்துக்கொண்டு சறுக்கி வந்து மண்ணில் விழுந்ததில் அவருக்கு ஏதாவது ஆட்சேபம் இருந்திருக்கும் என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டேன். ஆட்சேபம் சங்கத்துக்குத்தான் இருந்தது.

ஒருநாள் காலை ஏழே முக்காலுக்குச் சங்கச் செயலாளர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அரசாங்கத்தில் பெரிய பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகப் பாலம் கட்டியதைப் பற்றிக் கேட்காமலே சொல்வார். கையில் ஒரு தாள்.

“கொழந்தேள் காலை நீட்டிண்டு நேரே சுவாமி மேல வந்து விழறதுகள். பாக்க நன்னாவா இருக்கு? சறுக்கை அந்தப் பக்கமா திருப்பி வெச்சுடலாம்னு தீர்மானம். ஒரு கையெழுத்துப் போடுங்கோ, டீச்சர்” என்றார்.

உள்ளே குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. மகள் ஒரு காலில் சாக்ஸோடு நின்றாள். சுவாமி பக்கம் கால் நீட்டக் கூடாது என்று நானே அவளை எத்தனையோ முறை அதட்டியிருக்கிறேன். அவர் கேட்டதில் எனக்குத் தப்பாக எதுவுமே படவில்லை. தாளைக் கதவில் வைத்து என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. மாலை வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவள் நான். பாலம் கட்டியவருக்கும் தோன்றவில்லை, பூகோளக்காரிக்கும் தோன்றவில்லை.

நான் பள்ளியில் இருந்த ஒரு நாளில் ஆட்களை விட்டுத் திருப்பிவிட்டார்கள். மறுநாள் நாலரை மணிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். கோடை தொடங்கியிருந்தது. ஏணி இடம் மாறியிருந்ததில் அவளுக்கு ஒரே குதூகலம், புதுச் சறுக்கு மரம் என்றே நினைத்துவிட்டாள். என் கையை உதறிவிட்டு ஓடினாள், ஏறினாள். ‘எல்லாரும் தள்ளிக்கோங்க, நான் வரேன்!’

பாதி வழியில் அந்தக் குரல் அலறலாக மாறியது. நடுவில் நிறுத்தவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. காலைத் தூக்கிக்கொண்டு, கையை ஊன்றி, கையும் சுட்டு, அப்படியே கீழே வந்து சேர்ந்தாள். சின்ன கவுன் போட்டிருந்தாள். இரண்டு தொடையின் பின்புறமும் சிவந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொப்புளமாக எழும்பியது.

அவளை வாரித் தூக்கினேன். அதற்குள் பூங்கா வாசலில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடும் பெண் ஓடி வந்துவிட்டாள். துணிக்குத் தண்ணீர் தெளிக்க வைத்திருக்கும் டப்பாவை அப்படியே என் மகளின் கால்மேல் கவிழ்த்தாள். பிறகு என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள்.

“இன்னா டீச்சர் இது? இஸ்திரிப் பொட்டி மேல கொயந்தைய குந்த வெச்சுக்கினு கீறே?”

அவள் கால்வாய் ஓரத்துக் குடிசைப் பகுதியில் இருந்து வருகிறவள். எங்கள் தெருவுக்கே அவள்தான் இஸ்திரி. என் மகள் வயதில் அவளுக்கும் ஒரு பெண் உண்டு. அம்மா துணி தேய்க்கும்போது அந்தப் பெண்ணும் பூங்காவில்தான் இருப்பாள். அன்று தன் பெண்ணைத் தகட்டுப் பக்கமே அவள் விடவில்லை. அவளுக்குச் சூடு தெரியும். டப்பாவில் மிச்சமிருந்த தண்ணீரில் விரலை நனைத்து, இஸ்திரிப் பெட்டியைச் சோதிப்பதுபோல் தகட்டில் சுண்டிவிட்டாள். துளிகள் விழுந்த இடம் தெரியாமல் காய்ந்தன.

“காட்டன் சூடு கீது. பட்டு சூட்டுக்கு வந்தப்பறம் வுடு” என்றாள்.

பட்டுக்கு இளஞ்சூடு, டெரிகாட்டனுக்கு நடுத்தரம், பருத்திக்கு நல்ல சூடு. அதுதான் அவள் தொழில் கணக்கு. பூகோளம் படித்த எனக்கும் பாலம் கட்டியவருக்கும் தெரியாத கணக்கு அவள் விரல் நுனியில் இருந்தது.

அன்று இரவெல்லாம் மகள் குப்புறப் படுத்துக் கிடந்தாள். மறுநாள் காலை நடைப் பாதையிலேயே செயலாளரை நிறுத்தினேன். நடந்ததைச் சொன்னேன். சறுக்கு மரத்தைப் பழையபடி திருப்பிவிடுங்கள் என்றேன். அவர் வருத்தப்பட்டார் என்றே சொல்ல வேண்டும். கொப்புளத்துக்கு என்ன மருந்து போட்டேன் என்று விசாரித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

“எல்லாரும் சேர்ந்து எடுத்த தீர்மானம் டீச்சர். உங்க கையெழுத்தும் அதுல இருக்கே.”

வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தாளை எடுத்துக் காட்டினார். ஆமாம், என் கையெழுத்துதான். அழகாக, அவசரம்கூடத் தெரியாமல் இருந்தது.

“ஆறு மணிக்கு மேல அழைச்சிண்டு வாங்கோளேன். தகடு ஆறிடும்” என்றார்.

ஆறு மணிக்கு மேல் கொசு. ஆறரைக்கு இருட்டு. பூங்காவில் இருந்த ஒரே விளக்கும் நடைப் பாதைக்குத்தான். குழந்தைகளுக்கென்று கட்டிய இடத்தில் குழந்தைகள் வரும் நேரத்தைத் தவிர மற்ற எல்லா நேரமும் சறுக்கலாம் என்பதை அவர் ஒரு யோசனையாகவே சொன்னார். முகத்தில் சிரிப்புக்கூட இல்லை.

இஸ்திரிக்காரப் பெண் யாரிடமும் மனு கொடுக்கவில்லை. வண்டியில் விரிக்கும் பழைய போர்வைத் துண்டை நனைத்துக்கொண்டு வந்து தகட்டை மேலிருந்து கீழ்வரை துடைத்தாள். சறுக்க நின்ற குழந்தைகள் ஏணியடியில் வரிசையாகக் காத்திருந்தார்கள். “பட்டு சூடு வந்துச்சு, போ” என்று அவள் சொன்னால் ஒவ்வொன்றாக ஏறும். என் மகளும் கொப்புளம் ஆறியதும் வரிசையில் நின்றாள். ஆனால் அவள் ஏறும் விதமே மாறிவிட்டது. உச்சிக்குப் போய்ப் புறங்கையால் தகட்டைத் தொட்டுப் பார்ப்பாள். கவுனைத் தொடைக்கடியில் இழுத்துச் செருகிக்கொள்வாள். பக்கத்துக் கம்பியைப் பிடித்து, பிடித்து, மெதுவாக இறங்குவாள். ‘நான் வரேன்’ போன இடம் தெரியவில்லை.

சங்கத்துக்கு இதுவும் பொறுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துச் சறுக்கு மரத்தின் காலில் ஒரு தகரப் பலகை தொங்கியது: ‘சறுக்கின்மீது தண்ணீர் ஊற்றவோ துடைக்கவோ கூடாது. துருப்பிடிக்கும். மீறுவோர் அனுமதிக்கப்பட மாட்டார்கள்.’ தகடு துருப்பிடித்துவிடக் கூடாதாம். குழந்தையின் தோல் கொப்புளிக்கலாமாம். அந்தப் பலகையின் முன்னால் நின்று நான் வாய்விட்டுத் திட்டியதைக் காவலாளி கேட்டுவிட்டு, “எனக்கு இன்னாமா தெரியும், எய்தி மாட்ட சொன்னாங்க” என்றார்.

அதற்குப் பிறகு அந்தச் சறுக்கு மரம் கோடையில் சும்மா நின்றது. மழைக்காலத்தில் சில வாரங்கள் குழந்தைகள் ஏறினார்கள். மார்கழியில் பரவாயில்லை. மாசி பிறந்தால் மறுபடி காட்டன் சூடு. அடையாறிலும் தி. நகரிலும் பூங்கா இருக்கிறதே என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் கூட்டிப்போகலாம், போனோம். ஆனால் ஒரு குழந்தைக்கு விளையாட்டு என்பது வாரத்துக்கு ஒருமுறை ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துவிட்டு வரும் விஷயமா? அதுவும் இஸ்திரிக்காரப் பெண்ணின் குழந்தையை யார் ஸ்கூட்டரில் கூட்டிப்போவார்?

அடுத்த வருடம் ஒரு வேடிக்கை நடந்தது. அப்போது வாஸ்து பார்க்கும் மோகம் ஊரையே பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் வந்து, பிள்ளையார் இருக்க வேண்டியது ஈசானிய மூலையில் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரே வாரம். மேடையை இடித்து, வடகிழக்கு மூலையில் புது மேடை கட்டி, ஓடு போட்டு, கம்பிக் கதவு வைத்து, நல்ல நாள் பார்த்துப் பிள்ளையாரைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். நானும் போய்ச் சுண்டல் வாங்கிக்கொண்டேன். அங்கேயே, சுண்டல் கையோடு, செயலாளரைக் கேட்டேன்.

“சார், இப்ப சறுக்குக்கு நேரா சுவாமி இல்லையே. திருப்பிடலாமே?”

“வாஸ்தவம்தான்” என்றார். யோசித்தார். “ஆனா பழைய தீர்மானம் இருக்கு. அதை மாத்தணும்னா அப்போ கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் மறுபடி போடணும். முறைன்னு ஒண்ணு இருக்கோல்லியோ?”

முறை! பிள்ளையாரை இடம் மாற்ற எந்தத் தாளும் தேவைப்படவில்லை. சரி, முறைதானே, ஆகட்டும் என்று நானும் கிளம்பினேன். பழைய தாளைப் பார்த்துப் பெயர்களை எழுதிக்கொண்டு பள்ளி விட்டு வந்ததும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். சிலர் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார்கள். சிலர் ‘இன்னமுமா அந்தச் சறுக்கு விவகாரம்?’ என்று சிரித்தார்கள். ஒருவர் வீட்டை விற்றுவிட்டுத் திருவான்மியூருக்குப் போயிருந்தார். அவரை விட்டுவிடலாமே என்றால் செயலாளர் ஒப்பவில்லை. பஸ் ஏறிப் போனேன். அந்த மனிதர் கதவைத் திறந்தார், தாளை வாங்கினார், பேனா கேட்டார், போட்டுக் கொடுத்தார். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு வரி படிக்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பஸ் நிலையத்துக்கு நடந்து வரும்போதுதான், நானும் இப்படித்தானே போட்டேன் என்று உறைத்தது.

அத்தனை கையெழுத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். “மேலே அனுப்பியிருக்கேன்” என்றார் செயலாளர். ஒரு மாதம் கழித்தும் மேலே. மூன்று மாதம் கழித்தும் மேலே. எஸ்டிமேட் போட வேண்டும், அனுமதி வர வேண்டும், ஆள் வந்து பார்க்க வேண்டும். நானும் போனேன், ஒரு அலுவலகத்தின் மாடிப்படியில் ஏறினேன், அங்கே ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார், அந்த இன்னொருவர் சாப்பிடப் போயிருந்தார். பெரியவர்களுக்கு இரண்டு வருடம் என்பது ஒரு கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்வதற்கான நேரம். நாலு வயதுக் குழந்தைக்கு அது அதுவரை வாழ்ந்ததில் பாதி. இதை எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொன்னேன்! எல்லோரும் தலையை ஆட்டினார்கள். தலையை ஆட்டுவதில் நம் ஊரை மிஞ்ச ஆள் கிடையாது.

மகளுக்கு ஏழு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பங்குனி மாதத்து ஒரு சனிக்கிழமை, தேய்த்த துணியை வாங்கப் போனபோது இஸ்திரிக்காரப் பெண்ணிடம் புலம்பினேன். எஸ்டிமேட் இன்னும் வரவில்லை என்றேன். அவள் ஒரு சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு அழுத்திக்கொண்டே கேட்டாள்:

“அதுல இன்னா கீது, எஸ்டிமேட்டு போட?”

தெரியவில்லை என்றேன்.

“என் தம்பி மெக்கானிக் ஷெட்டுல கீறான். நாளிக்கு லீவுதான்.”

ஞாயிற்றுக்கிழமை நல்ல உச்சி வெயிலில் அவள் தம்பி இரண்டு ஸ்பேனரும் ஒரு எண்ணெய்க் கிண்ணமுமாக வந்தான். பூங்கா பூட்டியிருந்தது. காவலாளி எங்களைப் பார்த்தார், தகரப் பலகையைப் பார்த்தார், பூட்டைத் திறந்துவிட்டார். ஏணியைச் சட்டத்தோடு பிடித்திருந்தது நாலு போல்ட். தகட்டைப் பிடித்திருந்தது நாலு போல்ட். அவன் எண்ணெய் விட்டுக் கழற்றினான். காவலாளியும் நானும் அவளும் ஈரச் சாக்கால் தகட்டைப் பிடித்துத் தூக்கி அந்தப் பக்கம் கொண்டுபோனோம். ஏணி இந்தப் பக்கம் வந்தது. மறுபடி முடுக்கினான். வீட்டில் உலை வைத்துவிட்டு வந்திருந்தேன், திரும்பிப் போனபோது சாதம் குழைந்திருக்கவில்லை.

“இத்த மின்னாடியே சொல்லக்கூடாதா, டீச்சர்? நீ பேப்பர் எய்திக்கினே கீறேன்னு நானும் சும்மா இருந்துட்டேன்” என்றாள் அவள்.

மறுவாரம் பூங்கா வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. சங்கத்தின் இடைவிடாத முயற்சியால் சறுக்கு மரம் திருப்பி அமைக்கப்பட்டுவிட்டதாம். செயலாளர் என்னைப் பார்த்து, “பாத்தேளா, மேலேர்ந்து வந்துடுத்து” என்றார். அவர் நிஜமாகவே அப்படித்தான் நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று நான் நகர்ந்துவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் அசிங்கமாகியிருக்கும்.

சறுக்கைத் திருப்பிய அந்த ஞாயிற்றுக்கிழமையே நாலரை மணிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். இஸ்திரிக்காரப் பெண்ணின் மகள் ஏற்கெனவே ஐந்தாறு முறை சறுக்கி முடித்து, கவுனெல்லாம் மண்ணாக நின்றாள். என் மகள் ஏறினாள். புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

“அம்மா, பட்டுச் சூடுகூட இல்லம்மா!”

பாவாடையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு மெதுவாக இறங்கி வந்து என் எதிரே நின்றாள்.

“யாரும்மா இதை முதல்ல அந்தப் பக்கம் திருப்பினா?”

சங்கம் என்று சொல்லியிருக்கலாம். செயலாளர் என்று சொல்லியிருக்கலாம். மூன்று வருடமாக ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“திருப்பலாம்னு நானும் கையெழுத்துப் போட்டேன்” என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“சாயங்காலம் வெயில் அந்தப் பக்கம்தானே வரும்? நீ அதைத்தானே ஸ்கூல்ல சொல்லிக்குடுக்கறே?”

ஆமாம் என்றேன். அவள் திரும்பிப் போய் வரிசையில் நின்றாள். முறை வந்ததும் ஏறினாள். கீழே, தகடு முடியும் இடத்தில், புதிதாக வந்திருந்த மூன்று வயதுப் பொடிசு ஒன்று மண்ணை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. “தள்ளிக்கோ” என்று அதனிடம் மெதுவாகச் சொன்னாள். அது நகர்ந்ததும், பாவாடையைச் செருகி, கம்பியைப் பிடித்து, பிடித்து, இறங்கி வந்தாள்.